மண்ணில் கிடைத்த காரீயத் துண்டு: எடைக்கல்லா, வேறொன்றா?

நம் எல்லைப்புற ஊர்களில் கிணறு தூர் வாரினாலும், ஏலத்தோட்டத்தில் குழி எடுத்தாலும், பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டினாலும் மண்வெட்டியில் ஏதாவது ஒன்று தட்டுப்படுவது வழக்கம்தான். இரும்பு என்றால் 'ணங்' என்று சத்தம் வரும். காரீயம் அப்படிச் சத்தம் போடாது. 'தொத்' என்று அமுங்கிக் கிடக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. "இது பழைய எடைக்கல்தானே? ரோமாபுரிக் காலமா? என்ன விலை போகும்?" என்ற மூன்று கேள்விகளும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

நான் கல்லூரியில் தொல்லியல் படித்தவன் அல்லன். பலசரக்கும் மலைச்சரக்கும் நிறுத்து விற்ற கை இது. ஆனால் தராசோடு நாற்பது வருஷம் பழகியவனுக்கு எடைக்கல்லைப் பற்றிச் சொல்ல நாலு விஷயம் இருக்கும் அல்லவா? வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமும், மறையூர், காந்தளூர், பூப்பாறை, குமுளி பக்கமும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, படித்ததையும் நிறுத்துப் பார்த்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது இரண்டு உலோகங்களுக்கும் பொதுப் பெயர். காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதும் வெள்ளீயம்தான். மண்ணில் கிடைக்கும் கனத்த துண்டு பெரும்பாலும் காரீயம். இது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது; இவ்வளவு வரை உடம்பில் போனால் பாதகம் இல்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஆகவே முதல் விதி: பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து வரும். அந்த வெள்ளைப் பூச்சு காற்றும் ஈரமும் பட்டு உண்டான காரீயக் கார்பனேட்டு. விரலில் ஒட்டி வாய்க்குப் போனால் கெடுதல். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். அடுப்பில் வைத்து உருக்கிப் பார்க்கவே கூடாது. வெறும் 327 பாகை வெப்பத்தில் உருகிவிடும். சமையல் அடுப்பே போதும். அதுதான் ஆபத்து. உருகினால் புகையும் நஞ்சு, பொருளின் அடையாளமும் போச்சு.

காரீயம்தானா என்று தெரிவது எப்படி?

காந்தம் ஒட்டாது. அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் நகத்தால் அழுத்தினாலே கீறல் விழும். கீறிய இடம் சிறிது நேரம் வெள்ளிபோல் மின்னிப் பிறகு மங்கும். வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு வரும். இவை எல்லாம் சாடைகள். உறுதியான சோதனை தண்ணீர்ச் சோதனை.

நகைக்கடையில் உள்ளது போன்ற சிறிய மின்னணுத் தராசு போதும். முதலில் துண்டை அப்படியே நிறுக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக அமிழ்த்தி நிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வெளியில் 140 கிராம், தண்ணீருக்குள் 127.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குறைவது 12.5 கிராம். 140-ஐ 12.5-ஆல் வகுத்தால் 11.2. அதாவது, அதே பருமனுள்ள தண்ணீரைப்போல் 11.2 மடங்கு கனம்.

சுத்தமான காரீயத்துக்கு இந்த எண் 11.3. இரும்புக்கு 7.9, வெள்ளீயத்துக்கு 7.3, பித்தளைக்கு சுமார் 8.5, வெள்ளிக்கு 10.5, தங்கத்துக்கு 19.3. மேலே வெள்ளைப் பூச்சு கனமாக இருந்தால் காரீயத்தின் எண் சற்றுக் குறைந்து 11-க்குக் கீழேயும் வரலாம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மோசடியைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

எடைக்கல் அல்லாதவை எத்தனை!

காரீயம் என்று தெரிந்துவிட்டால் உடனே எடைக்கல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் பகுதியில் கிடைக்கக்கூடிய காரீயப் பொருட்களை வரிசையாகச் சொல்கிறேன். இவற்றைத் தள்ளிய பிறகே எடைக்கல் என்ற பேச்சு.

ஒன்று, வாகனச் சக்கரத்தின் சமநிலைக் கட்டி. டயர்க் கடையில் சக்கரத்தின் விளிம்பில் மாட்டுவார்களே, அது. சற்றே வளைந்து, எஃகுக் கொக்கியோடு அல்லது கொக்கி இருந்த தடத்தோடு இருக்கும். 20, 30 என்று கிராம் எண்ணும் பொறித்திருக்கும். சாலையோரத்து மண்ணில் இதுதான் அதிகம். எண்ணைப் பார்த்து எடைக்கல் என்று நினைப்பது இயல்பு.

இரண்டு, முத்திரைக் காரீயம். ரயில் சரக்குப் பெட்டி, மின்சார மீட்டர், ஆட்டோ மீட்டர் இவற்றில் கம்பியைக் கோத்து நெரித்து வைக்கும் 'சீல்'. பொத்தான் அளவு, கம்பி போன இரண்டு துளைகள், இருபுறமும் அழுந்திய எழுத்து. பாலக்காடு வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1860-களின் தொடக்கத்தில். இருப்புப் பாதை ஓரங்களில் இது கிடைப்பதில் வியப்பில்லை.

மூன்று, வலைக் குண்டு. வீச்சுவலையின் ஓரத்தில் கோக்கும் நீள்உருண்டை. நடுவே நூல் போகும் துளை இருக்கும். கல்பாத்திப் புழை, காயத்ரிப் புழை, பாம்பாறு, பெரியாறு கரைகளில் கிடைத்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

நான்கு, துப்பாக்கிக் குண்டு. பாலக்காட்டுக் கோட்டை 1766-இல் ஹைதர் அலி கட்டியது. 1768, 1783, 1790 என்று மூன்று முறை ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. அக்காலத்து ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர் குறுக்களவு. காரீயத்தில் கணக்கிட்டால் 32 கிராம் அளவுக்கு வரும். உருண்டையாக, அச்சு சேர்ந்த கோடு ஒன்று சுற்றிலும் தெரியும். சுட்டது என்றால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும்.

ஐந்து, தேயிலைப் பெட்டித் தகடு. பழைய நாளில் தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் புகாமலிருக்கக் காரீயத் தகடு விரிப்பார்கள். அலுமினியத் தாள் பின்னால் வந்தது. மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளின் பழைய குப்பைமேட்டில் கசங்கிய தகடோ உருகிய கட்டியோ கிடைத்தால் அதை நினைவில் வையுங்கள்.

இவை போக, வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாயின் மூட்டில் உருக்கி ஊற்றிய காரீய வளையம், கொத்தனாரின் தூக்குக்குண்டு, பேட்டரித் தகடு என்று இன்னும் உண்டு.

தராசுக்காரன் ஏன் காரீயத்தை நம்புவதில்லை?

ஒரு வியாபாரியாக இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காரீயம் மெத்தென்ற உலோகம். கத்தியால் ஓரத்தைச் சீவினால் தெரியாது. கீழே போட்டால் நசுங்கும். புழங்கப் புழங்கத் தேயும். கள்ள எடைக்கு இதைவிட வாகான உலோகம் இல்லை. அதனால்தான் அரசாங்கங்கள் இரும்பையும் பித்தளையையும் விரும்பின. எங்கள் சமண நெறியில் கள்ளாமை விரதத்துக்கு இழுக்கு என்று தத்துவார்த்த சூத்திரம் எண்ணும் ஐந்து குற்றங்களில், கூடுதல் குறைவான அளவைகளை வைத்துக்கொள்வதும் ஒன்று, திருட்டுப் பொருளை வாங்குவதும் ஒன்று. கடை வைத்த சமணனுக்கு இவை இரண்டும் அன்றாடச் சோதனைகள்.

ஆனால் இரும்பு எடைக்கல்லுக்குள்ளேயே காரீயம் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஒரு கிலோ கல் கிடந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு குழி, குழியில் காரீயம். வார்ப்பில் எடை குறைந்தால் அதில் காரீயம் ஊற்றிச் சரிசெய்வார்கள். சரிபார்த்த அதிகாரியின் முத்திரையும் அந்த மெத்தென்ற காரீயத்தின் மேல்தான் விழும். முத்திரையில் காலாண்டைக் குறிக்கும் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். காரீயத்தைத் தோண்டி எடுத்தால் முத்திரையும் அழியும்; கள்ளம் பிடிபடும். இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துபோய், இந்த அடைப்பு மட்டும் தனியே மண்ணில் கிடப்பதும் உண்டு. சிறு அடைப்பான் போல, ஒரு முகத்தில் முத்திரை எழுத்தோடு இருந்தால் அது எடைக்கல் அல்ல, எடைக்கல்லின் சாட்சி.

எடைக்கல்தான் என்றால், எந்தக் கணக்கு?

இத்தனையும் தள்ளிய பிறகும் துண்டு ஒழுங்கான உருவத்தோடு, நிற்பதற்குத் தட்டையான அடியோடு, ஏதேனும் குறியோடு இருந்தால், அப்போது எடை முறைகளோடு ஒப்பிடலாம்.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். தோலா 11.66 கிராம். ஆக பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11.2 கிலோ, பாரம் 224 கிலோ என்று தோராயமாகக் கொள்ளலாம். ஆங்கில ராத்தல் 453.6 கிராம், அவுன்ஸ் 28.35 கிராம். பொன் நிறுக்க 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் ஒரே மாநிலம் என்று நினைக்கும் இந்த எல்லைப்பகுதியில் அன்று மூன்று ஆட்சிகள். பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில். பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில். இடுக்கி மலைகள் திருவிதாங்கூரில். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஊருக்கு ஊர் மாறும். 100 பலம் ஒரு துலாம் என்பார்கள். எந்த ஊர்ப் பலம் என்று கேட்க வேண்டும்.

மேலே சொன்ன 140 கிராம் துண்டை எடுத்துக்கொள்வோம். 12 தோலா, அதாவது 4 பலம், அரைச் சேர், சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 5 அவுன்ஸ் என்றாலும் 141.75 கிராம், அதுவும் கிட்டத்தட்ட வருகிறது. 5 அவுன்ஸ் கல் கடையில் வழக்கம் இல்லை, அரைச் சேர் வழக்கம் உண்டு என்பதால் முதலாவது கூடுதல் பொருத்தம். அவ்வளவுதான் சொல்லலாம். ரோமானிய அவுன்ஸ் சுமார் 27.3 கிராம், ஆங்கில அவுன்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே கிராம். மண்ணுக்குள் கிடந்த காரீயம் பூச்சு ஏறி எடை கூடவும் செய்யும், பூச்சு உதிர்ந்து குறையவும் செய்யும். ஆகவே எடையை மட்டும் வைத்து "ரோமாபுரிக் கல்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எண்கள் இணங்குகிற பிள்ளைகள் மாதிரி. யார் கூப்பிட்டாலும் போகும்.

ஒரு கல்லை வைத்து முறையைக் கண்டுபிடிக்க முடியாது. பல கற்கள் வேண்டும். சிந்துவெளியில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துப் போகும் கற்கள் ஏராளமாகக் கிடைத்ததால்தான் அந்த முறை தெரிந்தது. கீழடி அகழாய்வில் 2020-இல் 8, 18, 150, 300 கிராம் அளவில் நான்கு கருங்கல் எடைக்கற்கள் கிடைத்தன. அவை கிடைத்த இடமும் ஆழமும் உடன்கிடந்த பொருட்களும் பதிவானதால்தான் அவற்றுக்கு மதிப்பு.

கல் என்ற பெயரையும் கவனியுங்கள். இரும்பானாலும் பித்தளையானாலும் நமக்கு அது எடைக்கல், படிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும் நகைகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாக வருகிறது. எடைக்கல்லுக்கு இறைவன் பெயரையே வைத்தார்கள் என்றால் நிறைக்கு இருந்த மரியாதை புரியும். கேரளத்திலும் கி.பி. 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எடைக்கோல் உரிமை ஒரு பெரிய உரிமையாகவே பேசப்படுகிறது.

காரீயம் இங்கே வந்த வழி

காரீயம் நம் மலையில் விளைந்த சரக்கு அல்ல. இந்தியாவில் ராஜஸ்தான் பக்கத்து ஜாவர், ஆகுச்சா சுரங்கங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. கடல் வழியாகவும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற்பயண'க் கிரேக்க நூல், முசிறிப் பக்கத்துத் துறைகளில் இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சொல்கிறது. பதிலுக்குப் போனது மிளகு. அந்தத் துறைகளையும் கொங்கு நாட்டையும் இணைத்த பெருவழி நம் பாலக்காட்டுக் கணவாய். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் கிடைத்த ரோமானியக் காசுகள் இந்தத் தொடர்புக்குச் சாட்சி.

காரீயத்தில் காசும் அடித்திருக்கிறார்கள். சாதவாகனர் காரீயக் காசுகள் ஏராளம். திருவண்ணாமலை மாவட்டம் ஆண்டிப்பட்டியில் தமிழ் பிராமி எழுத்துள்ள காரீயக் காசுகள் கிடைத்தன. ஆகவே தட்டையான வட்டத் துண்டில் மங்கலாகக் குறியோ எழுத்தோ தெரிந்தால் தேய்த்துப் பார்க்காதீர்கள். அந்த எழுத்து பூச்சின் மேல்தான் நின்றுகொண்டிருக்கும். ஒரு தேய்ப்பில் போய்விடும். பிறகு எந்த அறிஞர் வந்தாலும் படிக்க முடியாது.

இரிடியம் என்று வருகிறவர்கள்

இப்போது அந்த மோசடி. கனத்த பழைய உலோகம் கிடைத்தது என்று ஊரில் பேச்சு எழுந்தால், "இது இரிடியம், கோடிக்கணக்கில் விலை, அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சோதனைக்கு, உடுப்புக்கு, வெளிநாட்டு விஞ்ஞானிக்கு என்று முன்பணம் கேட்பார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதில் வீடு, நிலம் இழந்த குடும்பங்கள் உண்டு. போலீஸ் வழக்குகளும் பல.

இதற்குப் பதில் உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே இருக்கிறது. இரிடியத்துக்கு அந்த எண் 22.5. காரீயத்தைப் போல் இரண்டு மடங்கு. நகம் பட்டால் கீறும் உலோகமும் அல்ல அது; மிகக் கடினமானது. உங்கள் துண்டுக்கு 11 வந்தால் பேச்சு முடிந்தது. அரிசியை இழுக்கும் உலோகம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் காரீய விலைக்குப் போகும். சில நூறு ரூபாய் கிடைக்கலாம். ஆனால் உருக்கு உலையில் போனது போனதுதான்.

கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், கிடைத்த இடத்தைக் கலைக்காமல் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊர், யார் நிலம், எத்தனை அடி ஆழம், என்ன மண், கூட என்ன கிடந்தது என்பதை அன்றே தாளில் எழுதுங்கள். பானை ஓடு கிடந்தால் அதையும் தனியே வையுங்கள். காலத்தைச் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஓடுதான், காரீயம் அல்ல. துண்டைக் கழுவாமல், மண்ணை மெதுவாக உதறி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மரப்பெட்டி வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி காரீயத்தை அரிக்கும்.

பிறகு கிராம அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ தெரிவியுங்கள். அவர்கள் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் போகும். கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயப்பட ஒன்றும் இல்லை. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில் மழைநீர்க் குழி வெட்டிக்கொண்டிருந்த வேலையுறுதித் திட்டத் தொழிலாளிப் பெண்களுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. வெடிகுண்டோ என்று முதலில் அஞ்சினார்கள். பார்த்தால் முத்தும் பொன்னும் பழைய காசுகளும். நேராகப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றாடக் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்களின் அந்த நேர்மையால் அப்பொருட்கள் தொல்லியல் துறையின் ஆய்வுக்குப் போயின.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்ணைத் தோண்டித் தேட வேண்டாம். வீட்டுப் பரணைத் தேடுங்கள். தாத்தா காலத்து வீசைக்கல், பலக்கல், ராத்தல், ஏலக்காய் நிறுத்த வெள்ளிக்கோல், பொன் நிறுத்த மஞ்சாடி விதைப் பெட்டி எது இருந்தாலும் இன்றைய தராசில் நிறுத்து, எந்த ஊரில் யார் கடையில் புழங்கியது என்பதோடு எழுதி வையுங்கள். மூன்று ராஜ்யங்களின் எடைகள் கலந்த இந்த எல்லையில் எந்தப் பலம் எத்தனை கிராம் என்ற பட்டியல் நம் வீடுகளில்தான் சிதறிக் கிடக்கிறது. நாளைக்கு மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு காரீயத் துண்டு கிடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டியல் வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.